தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனுங்க!

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் நண்பர் சொன்ன கதை இது. வெளிநாட்டு பையருக்கும் இங்கே தையல் ஹாலுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் வேலைக்குத்தான் மெர்ச்சண்டைசர் என்று பெயர்.

அவரிடம் புதிதாகச் சேர்ந்த பையன், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு மெயிலைப் படித்துவிட்டு சந்தோஷமாக ஓடி வந்திருக்கிறான். "சார், ஷிப்மென்ட்டை லேட் பண்ணச் சொல்லிட்டாங்க. அவசரமே இல்லீங்க!"

இந்தத் தொழிலில் அப்படி ஒரு அதிசயம் நடக்க வாய்ப்பே இல்லையே என்று நண்பர் போய்ப் பார்த்தார். மெயிலின் முதல் வாக்கியம் இதுதான்: 'ஷுட் த ஷிப்மென்ட் பீ டிலேய்ட், ப்ளீஸ் இன்ஃபார்ம் அஸ் பை ஃப்ரைடே.'

'ஷுட்' என்றால் 'வேண்டும்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் அவன். 'ஷிப்மென்ட் தாமதமாக வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்' என்று புரிந்துகொண்டான். அவன் மேல் தப்பில்லை. ஆனால், பையர் கேட்டது வேறு. 'ஒருவேளை தாமதமாகுமென்றால், வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள்.' நண்பர் மட்டும் பார்க்காமல் விட்டிருந்தால், கப்பலில் போகவேண்டிய சரக்கு விமானத்தில் போயிருக்கும். அதே விமானத்தில் கம்பெனியின் லாபமும் ஏறிப் பறந்திருக்கும்!

ஆங்கிலத்தில் இது ஒரு வேடிக்கையான இலக்கணம். 'இஃப் ஐ ஹேட் நோன்' என்றால் 'எனக்குத் தெரிந்திருந்தால்'. அதிலிருந்து 'இஃப்'பைத் தூக்கிவிட்டு, 'ஹேட்'டைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால், 'ஹேட் ஐ நோன்'. அர்த்தம் அதேதான். ஆனால், சட்டையை இன் பண்ணிக்கொண்ட மாதிரி ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. இந்த வித்தை எல்லா வினைச்சொல்லுக்கும் பலிக்காது. ஹேட், வேர், ஷுட் என்று மூன்று பேருக்குத்தான் பெரும்பாலும் இந்த சலுகை. இன்னொரு கண்டிஷனும் உண்டு. 'இல்லை' என்று சொல்லவேண்டி வந்தால் 'ஹேடின்ட் ஐ நோன்' என்று சுருக்கக் கூடாது. 'ஹேட் ஐ நாட் நோன்' என்று 'நாட்'டைத் தனியாகப் பிரித்து, முழுசாகத்தான் சொல்லவேண்டும்.

1930-களில் ரென், மார்ட்டின் என்ற இருவர் எழுதிய இலக்கணப் புத்தகம், இன்றைக்கும் பல வீட்டுப் பரண்களில் அட்டை கிழிந்து கிடக்கும். வாக்கியத்தை அப்படித் திருப்பு, இப்படித் திருப்பு என்று அதில் பக்கம் பக்கமாகப் பயிற்சிகள். நாமும் திருப்பினோம், மார்க் வாங்கினோம். இப்படித் திருப்பும்போது என்ன நடக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். வினைச்சொல் முன்னால் வந்து நின்றால் அது எதன் ஜாடை? கேள்வியின் ஜாடை! 'ஹேட் ஐ நோன்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால், 'எனக்குத் தெரிந்திருந்ததா?' என்றாகிவிடுகிறது. ஜெர்மன் மொழியிலும் இதே கதைதான். அங்கேயும் வினைச்சொல்லை முன்னால் இழுத்துவிட்டால் 'ஆனால்' என்ற அர்த்தம் வந்துவிடும்.

"அது வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று நினைத்துவிடாதீர்கள். நம் தமிழில் நிபந்தனை என்பது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். தொல்காப்பியம் அடுக்கும் வினையெச்ச வாய்பாடுகளில் 'செயின்' என்று ஒன்று உண்டு. இன்றைக்கு நாம் 'செய்தால்' என்கிறோம். இது ஏட்டுத் தமிழ். பேச்சுத் தமிழுக்கு வாருங்கள். "பசிக்குதுங்களா, உக்காந்து சாப்பிடுங்க." "வேணுமா, எடுத்துக்க. வேண்டாமா, விட்டுடு." இதில் 'ஆல்' எங்கே இருக்கிறது? கேள்விதான் இருக்கிறது. கேட்பவர் பதிலுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. கேள்வியே நிபந்தனையாகிவிடுகிறது.

ஆக, ஒவ்வொரு 'இருந்தால்' உள்ளேயும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்கிறோமா என்பதுதான் விஷயமே.

இது எனக்கு இலக்கணப் புத்தகத்தில் புரியவில்லை. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், ஒரு துக்க வீட்டின் திண்ணையில் புரிந்தது.

காலேஜில் என்னோடு ஒரே ரூமில் இருந்தவன். படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போய், மஞ்சளும் வாழையும் போட்டு, விவசாயமே கதி என்று இருந்துவிட்டான். எட்டு மாசமாகப் படுக்கையில் இருந்திருக்கிறான். எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாளாகியிருந்தது. விழுந்தடித்துக்கொண்டு போனேன். அவன் மனைவியிடம், இந்த மாதிரி சமயத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்தம்மா அழவில்லை. கோபப்படவும் இல்லை. "ஆமாங்ண்ணா, தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்க" என்றார். அவ்வளவுதான். காபி கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

அவர் குத்திக் காட்டவில்லை. நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார். ஆனால், அவர் வாயில் கேட்கும்போது என் வாக்கியம் எனக்கே பொய்யாகத் தெரிந்தது.

கோபியிலிருந்து காந்திபுரம் திரும்பும் பஸ்ஸில், புளியம்பட்டி தாண்டி, அன்னூர் தாண்டி, அதே யோசனைதான். 'தெரிந்திருந்தால்' என்றேனே, ஏன் தெரியவில்லை? அவன் நம்பர் என் செல்போனில் இருந்தது. கடைசியாக நான் பேசி இரண்டு வருஷம். நடுவில் ஒரு தீபாவளிக்கு அவன் கூப்பிட்டு, மீட்டிங்கில் இருந்ததால் நான் எடுக்காமல் விட்டு, அப்புறம் கூப்பிடலாம் என்று நினைத்து, அந்த 'அப்புறம்' வராமலே போனது ஞாபகம் வந்தது.

'சொல்லியிருந்தால் வந்திருப்பேன்' என்று ஒரு வாக்கியம். 'கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்' என்று இன்னொரு வாக்கியம். இலக்கணப்படி இரண்டும் ஒரே அச்சு. ஆனால், முதல் வாக்கியத்தில் தப்பு அவர்களுடையது. இரண்டாவதில் தப்பு என்னுடையது. சொல்லவேண்டியவர் அவர், கேட்கவேண்டியவன் நான். துக்க வீட்டில் நம் வாய்க்கு முதலில் வருவது எப்போதும் அந்த முதல் வாக்கியம்தான், கவனித்திருக்கிறீர்களா?

"சரி, போனது போச்சு. இப்படி ஒவ்வொன்றுக்கும் தன்னையே நொந்துகொண்டிருந்தால் மனுஷன் எப்படி வாழ்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வள்ளுவருக்கே இந்தப் பிரச்னை இருந்திருக்கிறது. வினைத்தூய்மை அதிகாரத்தில் 655-வது குறளைப் பாருங்கள். பின்னால் நினைத்து வருந்தும்படியான காரியத்தைச் செய்யாதே. ஒருவேளை செய்துவிட்டால், அந்த மாதிரி செய்யாமல் இருப்பது நல்லது என்கிறார். அதிலும் 'ஏல்' என்று ஒரு பழைய நிபந்தனை விகுதி உண்டு. எதைச் செய்யாமல் இருப்பது? இங்கேதான் உரைகள் பிரிகின்றன. செய்துவிட்டு அதற்காக உட்கார்ந்து வருந்திக்கொண்டிருக்காதே என்கிறார் பரிமேலழகர். அதே மாதிரி காரியத்தை மறுபடி செய்யாதே என்கிறார் மு.வரதராசனார்.

புலம்பாதே என்கிறது ஒரு உரை. திருந்து என்கிறது இன்னொன்று. எனக்கென்னவோ இரண்டும் சேர்ந்தால்தான் மருந்து என்று தோன்றுகிறது. திருந்தாமல் புலம்பலை மட்டும் நிறுத்திவிட்டால் அதற்குப் பெயர் நிம்மதி இல்லை, மறதி!

'இருந்தால்' என்கிற வார்த்தையே கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் பக்கம் அவிநாசி, அன்னூர் டீக்கடைகளில் வருஷக்கணக்கில் கேட்ட பேச்சு ஒன்று உண்டு. "அத்திக்கடவுத் தண்ணி அப்பவே வந்திருந்தா, ஆயிரம் அடிக்கு போர் போட்டு இப்படிக் கடனாளி ஆகியிருப்பமா?" சிலர் அதைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சிலர் மனு எழுதினார்கள், உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அறுபது வருஷத்துக் கோரிக்கை. 2019-ல் அடிக்கல் நட்டு, 2024 ஆகஸ்டில் திட்டம் திறக்கப்பட்டது. பவானியின் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யைக் குழாயில் ஏற்றி, கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. 'வந்திருந்தால்' என்று பின்னால் பார்த்து ஏங்கிய அதே வார்த்தையை, 'எப்போ வரும்?' என்று முன்னால் பார்த்துக் கேட்க ஆரம்பித்தவர்கள் இல்லாவிட்டால், இன்றைக்கும் அது டீக்கடைப் பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

மறுபடியும் அந்தத் திண்ணைக்கு வருகிறேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னேன். "ஏதாச்சும் வேணும்னா கூச்சப்படாம கேளும்மா."

இதுவும் ஒரு நிபந்தனை வாக்கியம்தான். திருப்பூர் பையனைக் குழப்பிய அந்த 'ஷுட்'டின் தமிழ் வடிவம். ஆபீஸ் கடிதங்களின் கடைசி வரியில் 'ஷுட் யூ நீட் எனிதிங்' என்று வழக்கமாக எழுதுகிறோமே, அதுவேதான். அந்த வரியை நம்பி யாராவது எதையாவது கேட்டிருக்கிறார்களா? 'வேணும்னா கேளு' என்று சொல்லும்போது, உதவுகிற பெருமையை நான் வைத்துக்கொண்டு, கேட்கிற கூச்சத்தை அந்தம்மா தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். புருஷனைப் பறிகொடுத்து மூன்றாம் நாள், யாரிடம் என்ன கேட்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ரெண்டு நாள் கழித்துப் போன் போட்டேன். இந்தத் தடவை 'வேணும்னா' இல்லை. "என்ன வேணும்மா?" என்று நேராகவே கேட்டேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கெணத்து மோட்டார் காயில் எரிஞ்சு போச்சுங்ண்ணா. வாழைக்குத் தண்ணி பாயலை. அவர் இருந்தா கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டிட்டு வந்துருவாருங்க. இப்ப யார்கிட்டக் குடுக்கறதுன்னே தெரியலீங்க."

மோட்டார் காயில் கட்டக் கோயமுத்தூரில் கடைக்கா பஞ்சம்? நான்காம் நாள் மோட்டார் ஓடியது.

அவன் படுத்திருந்த அந்த எட்டு மாசத்துக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. 'தெரிந்திருந்தால்' என்று மட்டும் இப்போதெல்லாம் சொல்வதில்லை. அந்த வார்த்தை வாய்க்கு வரும்போதே, போனை எடுத்து யாராவது ஒருத்தருக்கு நம்பர் போட்டுவிடுகிறேன்.

நீங்கள் கடைசியாக யாருடைய போனை எடுக்காமல் விட்டீர்கள்?