வெட்டாத மரத்துக்கு என்ன கூலி?

பி.காம். படித்தபோது ‘ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்’ என்று ஒரு சமாசாரம் நடத்தினார்கள். ஒன்றைச் செய்வதால் கைநழுவிப் போகிற இன்னொன்றின் மதிப்பு. பரீட்சையில் எழுதினேன், மறந்தேன். கயானாவைப் பற்றிப் படித்ததும் திரும்ப ஞாபகம் வந்தது.

கயானா, தென் அமெரிக்காவில் இருக்கிறது. பரப்பளவில் தமிழ்நாட்டைவிடப் பெரிசு. ஜனங்கள் சுமார் எட்டு லட்சம்தான். எண்பது சதவிகிதத்துக்கு மேல் காடு. அப்போதைய அதிபர் பரத் ஜக்தேவ் பொருளாதாரம் படித்தவர். காட்டை வெட்டி, மரத்தை விற்று, நிலத்தில் பயிர் வைத்தால் என்ன தேறும் என்று மெக்கின்ஸி கம்பெனியை வைத்துக் கணக்குப் போட்டார். 2008-ல் விடை வந்தது: வருஷத்துக்கு சுமார் 58 கோடி டாலர். சரி, வெட்டவில்லை, இந்த நஷ்டத்தை யார் தருவது என்று உலகத்தைப் பார்த்துக் கேட்டார்.

மிரட்டல் மாதிரி தெரிகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். மரம் நிற்கிறவரை அது உள்ளே பத்திரமாக இருக்கும். எரித்தால் கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். மரத்தை விற்றால் காசு கயானாவுக்கு; விட்டுவைத்தால் லாபம் ஊருக்கெல்லாம். ஊர்தானே கூலி தரணும்?

2009-ல் நார்வே ஒப்புக்கொண்டது. டன்னுக்கு 5 டாலர் கணக்கில், 2015-க்குள் 25 கோடி டாலர் வரை.

சிக்கல் அப்புறம்தான். வெட்டாததற்குக் காசு என்றால், எவ்வளவு வெட்டியிருப்பாய் என்று தெரியணுமே! கயானா அதுவரை அதிகம் வெட்டியதே இல்லை. பழைய வேகத்தை வைத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. அதனால் மற்ற நாடுகள் வெட்டுகிற சராசரியையும் கலந்து ஒரு கற்பனை வேகத்தை நிர்ணயித்தார்கள். முன்பைவிடக் கொஞ்சம் கூட வெட்டினாலும், ஒரு வரம்புக்குள் இருந்தால், பணம் உண்டு.

எங்கள் தெருவில் ஒருத்தர் குடியை விட்டார். தெருவே கொண்டாடியது, மாமனார் மோதிரம் போட்டார். அவர் தம்பி ஜென்மத்தில் தொட்டதில்லை. யாரும் ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை. தம்பி மனைவி சொன்னாராம்: “நீங்களும் நாலு நாள் குடிச்சிட்டு விட்டிருக்கலாம்.”

2015-ல் கயானாவின் கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. 2019 டிசம்பரில் எடுக்க ஆரம்பித்தார்கள். 2022-ல், அந்தக் கிணறுகளில் பங்கு வைத்திருந்த ஹெஸ் கம்பெனி, பத்து வருஷத்தில் குறைந்தது 75 கோடி டாலருக்கு அந்தக் காட்டின் கார்பன் கிரெடிட்டுகளை வாங்க ஒப்பந்தம் போட்டது. அதில் 15 சதவிகிதம் பழங்குடி கிராமங்களுக்கு என்று அரசு அறிவித்தது. அந்தத் தம்பியின் இடத்தில் நான் வைப்பது அவர்களைத்தான். மீதி 85, அரசாங்கத்தின் கணக்கில்.