எரியாத ஒளியும் திருவிளக்குத் தொண்டும்

கோயிலில் விளக்கேற்றுவது தொண்டு எனப்படுவது அங்கே வெளிச்சம் உண்டாவதாலா, அந்த வெளிச்சத்துக்காக ஒருவர் தம்முடையது ஒன்றைக் கொடுப்பதாலா என்னும் வினா, எல்இடி குழல்விளக்கை வீட்டிலேயே செய்துகொள்ள முடிகிற இக்காலத்தில் புதிய கூர்மை பெறுகிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இதற்கு ஒரு விடை உண்டு. இரவும் பகலும் அணையாது எரிய வேண்டிய நந்தா விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடையாக விடப்பட்டன. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்கக் கடமைப்பட்டார். அந்த மந்தையைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. மூத்தும் செத்தும் குறையும் ஆடுகளின் இடத்தைக் குட்டிகளால் நிரப்பி எண்ணிக்கையைக் காக்கும் பொறுப்பு அதில் அடங்கியிருந்தது. கொடையாளர் ஒருமுறை கொடுத்ததோடு அமைந்தார். மேய்த்தல், கறத்தல், கடைதல், அளத்தல் என்று தலைமுறைகளுக்கு நீண்ட உழைப்பே அங்கே சுடராக எரிந்தது.

சேக்கிழாரின் பெரியபுராணம் காட்டும் விடை இன்னும் கடுமையானது. திருவாரூரில் விளக்கிட நெய் கேட்டு ஏளனத்துக்கு ஆளான நமிநந்தியடிகள் குளத்து நீரை வார்த்து விளக்கெரிக்கிறார். புல்லரிந்து விற்று வாழ்ந்த கணம்புல்லர், தில்லையில் புல் விலைபோகாத நாளில் அந்தப் புல்லையே எரித்து, அதுவும் போதாதபோது தம் தலைமயிரை எரிக்கிறார். திருவொற்றியூரின் செக்கார் குடியில் பிறந்த கலியநாயனார், செல்வம் அனைத்தும் கரைந்தபின், எண்ணெய்க்குப் பதிலாகத் தம் குருதியையே அகலில் நிரப்பத் துணிகிறார். இம்மூன்று வரலாறுகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு, எரிபொருள் எது என்பதைச் சேக்கிழார் பொருட்படுத்தவே இல்லை என்பது விளங்கும். நீர், புல், மயிர், குருதி என்று பொருள் மாறிக்கொண்டே போகிறது. தொண்டர் தம் பங்கை விடாமல் இருப்பது மட்டும் மாறுவதில்லை. நெய் எரியாததால் எல்இடி திருவிளக்காகாது என்னும் வாதம் இங்கேயே வலுவிழக்கிறது.

ஆனால் எல்இடியில் எரிவது எதுவும் இல்லை என்பது வேறொரு சிக்கல். எல்இடி என்பது மின்னோட்டம் பாயும்போது ஒளி உமிழும் குறைகடத்திச் சில்லு. வெண்ணிற எல்இடிகளில் பெரும்பாலானவை நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசப்பட்டவை. நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய, ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வீட்டில் செய்பவர் பழைய டியூப்லைட் பட்டியிலிருந்து சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு, அலுமினியப் பட்டையில் எல்இடி வரிசைகளை ஒட்டி, நேர்முனையும் எதிர்முனையும் மாறாதபடி ஈயம் வைத்து இணைத்து, மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் டிரைவரோடு பொருத்தி, கண்கூசாமல் இருக்கப் பால்நிற உறையை மூடுகிறார். ஒளியில் வெப்பம் தெரியாவிட்டாலும் சில்லு சூடாகவே செய்கிறது. அலுமினியம் அந்தச் சூட்டைக் கடத்தாவிட்டால் விளக்கின் ஆயுள் குறையும்.

இந்த வேலையில் கையும் கண்ணும் பொறுமையும் செலவாகின்றன என்பதால், கடையில் வாங்கி மாட்டியதைவிட இதில் செய்தவரின் பங்கு மிகுதி என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அந்தப் பங்கு மாட்டிய அன்றோடு முடிந்துபோகிறது. அகல்விளக்கு சில மணிக்கு ஒருமுறை தன்னைக் கவனிக்கும்படி கேட்கிறது: திரியின் நுனியில் கரி கட்டுகிறது, எண்ணெய் இறங்குகிறது, சுடர் சாய்கிறது. எல்இடி பெரும்பாலும் திடீரென அணைவதில்லை. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக மங்குவதால், அதன் கீழே நாள்தோறும் நிற்பவருக்கும் குறைவு தெரிவதில்லை. கவனிப்பைக் கேட்காத விளக்கு மண்டபத்துக்கும் மடைப்பள்ளிக்கும் பெரிய நன்மை. தொண்டு செய்ய விரும்புபவருக்கு அது இழப்பு. கருவறையில் நெய்விளக்கை நிறுத்திக்கொண்டு பிரகாரத்தில் மின்விளக்கை ஏற்கும் கோயில்களின் வழக்கம் இந்த வேறுபாட்டுக்குப் பொருந்தி வருகிறது.

மின்சாரத்தை மிச்சப்படுத்துவதையே காணிக்கையாகக் கருதலாம் என்பாரும் உண்டு. பழைய 36 வாட் குழல் காந்தச் சோக்கோடு சேர்ந்து ஏறத்தாழ 48 வாட் இழுக்கும் இடத்தில் 18 வாட் எல்இடி போதுமென்று வைத்துக்கொண்டால், இரவில் பத்து மணி நேரத்துக்கு 0.3 யூனிட், மாதத்துக்கு 9 யூனிட் மிஞ்சும். சிக்கனம் அறந்தான், ஆனால் மிஞ்சியது மிச்சம் பிடித்தவரிடமே தங்கிவிட்டால் அது காணிக்கையாகாது, ஏனெனில் காணிக்கையில் கொடுத்தவரிடம் ஒன்று குறைய வேண்டும். மின்கட்டணம் கட்ட வழியில்லாத சிற்றூர்க் கோயிலில் அந்த ஒன்பது யூனிட்டின் பணம் நெய்யாகவோ அர்ச்சகர் கூலியாகவோ மாறுமானால், நந்தா விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளோடு அதை ஒப்பிடுவதில் தவறில்லை.

இன்னொரு கடமையும் விளக்கைச் செய்தவரைச் சாரும். மலிவான டிரைவர்களில் பல, வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை வெளியீட்டிலிருந்து முற்றாகப் பிரிப்பதில்லை. காப்பு பழுதானால் அலுமினியப் பட்டையிலேயே மின்சாரம் ஏறி, ஈரக்கையோடு தூணைத் துடைக்க வருபவரின் உயிரைப் பறித்துவிடும். எர்த் கம்பியைப் பட்டையோடு சேர்த்து முடுக்குவதும், ஆண்டுதோறும் ஏணி வைத்து ஏறி அந்த முடுக்கு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், மாட்டியதோடு முடிந்துவிட்ட பங்கை மீண்டும் தொடரச் செய்கின்றன.