பலனும் புள்ளியும்

அயோத்யா மண்டபத்தில் கீதை உபன்யாசம் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். பலனில் ஆசை வைக்காமல் கடமையைச் செய் என்கிறார்களே, நடுவர் முன் ஆடுகிறவன் பலனை எப்படி விடுவான்? 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் ரோலர் ஸ்கேட்டிங்கில் ஹைதராபாத் அனூப் குமார் யமா தனியாக ஒரு வெண்கலம், அவனி பஞ்சாலோடு ஜோடியாக ஒன்று வாங்கினார். பதக்கத்தை நினைக்காமலா பழகியிருப்பார்?

பனியில் ஆடும் அமெரிக்கர் நேதன் சென் கதை இன்னும் சிக்கல். 2018 ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் தடுமாறி 17ஆம் இடம். மறுநாள், அந்தரத்தில் நாலு சுற்று சுழலும் தாவலை ஆறு முறை போட்டார். அன்றைய ஆட்டத்தில் அவர்தான் முதல். மொத்தத்தில் ஐந்தாம் இடம்.

"பாருங்கோ மாமி, ஆசையை விட்டதும் வந்துடுத்து" என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. எனக்கென்னவோ, பதக்க ஆசை போன இடத்தில் மானத்தைக் காக்கும் ஆசை வந்து உட்கார்ந்ததாகத்தான் படுகிறது. அதுவும் பலன்தானே? 2022 பெய்ஜிங்கில் தங்கமே வாங்கினார். அன்றைக்கு மட்டும் ஆசை இல்லாமலா?