இருந்துவிட்டுப் போகட்டுமா?

புதுச்சேரியில் எங்கள் மீனவ ஊரான பிள்ளைச்சாவடியில் ஒருவன் கல்யாணம் முடித்த பிறகுதான் ஊர்க் கணக்கில் தலைக்கட்டு ஆகிறான். அதுவரை அவன் அப்பன் வீட்டுப் பிள்ளை. கோயில் வரி, பஞ்சாயத்தில் பேச்சு, நிவாரணம் வந்தால் பங்கு, எல்லாம் தலைக்கட்டை வைத்துத்தான். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் பல மீனவ ஊர்கள் இந்தக் கணக்கில்தான் பங்கு பிரித்தன. ஆண்துணை இல்லாத பெண்கள் அதில் விடுபட்டதைக் கண்ணால் பார்த்தவள் நான். தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்கலாமா என்ற கேள்வியையும் அங்கிருந்துதான் யோசிக்கிறேன்.

எனக்குத் தொழில் மனு எழுதுவது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தாக்களின் வீட்டுப் பெண்கள் நிறைய வருவார்கள். புருஷன் இறந்தபின் அவர் பென்ஷனில் பெண்சாதிக்குப் பங்கு உண்டு. ஆனால் கல்யாணம் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்டவர்கள், மஞ்சள் பூத்த கல்யாணப் பத்திரிகையைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைப்பார்கள். பக்கவாதத்தில் கிடந்தவருக்குக் கடைசிவரை பீ மூத்திரம் அள்ளியதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இருக்காது. ஒரு கல்யாணத்துக்குச் சட்டத்தின் துணை எப்போது தேவைப்படுகிறது என்பதை இந்தப் பெண்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

புதுச்சேரியில் எல்லோருக்கும் ஒரே கல்யாணச் சட்டம் என்று இருந்ததும் இல்லை. 1881 அரசாணையின்படி சொந்த வழக்கத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்கள் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் போனார்கள். 1963இல் இந்து திருமணச் சட்டம் இங்கே வந்தபோதும் அவர்களைத் தொடவில்லை. 1962இல் பிரான்சோடு உடன்படிக்கை நிறைவேறியபோது அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள, தம்பி இந்தியனாகிவிட்ட வீடுகள் உண்டு. 2013 மே மாதத்திலிருந்து பிரான்சில் தன்பாலினத் திருமணம் செல்லும். அண்ணனின் பேரன் இன்னொரு ஆணைக் கட்டிக்கொண்டு அங்கே குடும்பஸ்தன் ஆகலாம். தம்பியின் பேரனுக்கு இங்கே அது முடியாது. இரண்டு பேருக்கும் குலதெய்வம் ஒன்றுதான்.

என் அண்ணன் ஊர்ப் பஞ்சாயத்தில் இருப்பவர். அவர் ஒரு நாள் சொன்னார்: "ஊரு எதுக்குக் கல்யாணத்துல வந்து நிக்குது? வம்சம் வரணும், நாளைக்குத் திதி குடுக்க ஆளு வேணும். ரெண்டு பொம்பள சேந்து இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அதுக்குக் கல்யாணம்னு எதுக்குப் பேரு?"

வம்சக் கவலையை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் பிள்ளையில்லாத தம்பதியை ஊர் தலைக்கட்டிலிருந்து நீக்கியதில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு மறுமணம் செய்த பெண்ணுக்கும் இதே பஞ்சாயத்துதான் வெற்றிலை பாக்கு எடுத்தது. வள்ளுவர் இல்வாழ்க்கையை ஐந்தாம் அதிகாரத்தில் வைத்து, துறந்தவர், வறியவர், இறந்தவர், விருந்தினர், சுற்றத்தார் என்று யார் யாரைத் தாங்க வேண்டும் என்றுதான் முதலில் சொல்கிறார். பிள்ளைப்பேறு ஏழாம் அதிகாரம்.

சடங்கு கெட்டுவிடும் என்ற அச்சமும் புதிதல்ல. புரோகிதர் இல்லாத சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கூடி வாழ்ந்து பிள்ளை பெற்றவர்களெல்லாம் சட்டத்தின் முன் தம்பதிகளே இல்லை என்றாயிற்று. அண்ணா ஆட்சியில் 1967இல் வந்த திருத்தம்தான், முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, அந்தக் கல்யாணங்களைச் செல்லுபடியாக்கியது. என் அண்ணனுக்கும் கட்சித் தலைவர் ஒருவர் தாலி எடுத்துக் கொடுத்துத்தான் கல்யாணம் நடந்தது. அக்னி வளர்க்கவில்லை என்று அண்ணியை யாரும் பெண்சாதி இல்லை என்று சொன்னதில்லை.

அவர் பேச்சில் என்னைக் குத்தியது "இருந்துட்டுப் போகட்டும்" என்பதுதான். இங்கே மீன் விற்கும் இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். ஒருத்திக்குச் சர்க்கரை நோயில் கால்விரல் அழுகி, எடுக்க வேண்டியதாயிற்று. ஒப்புதல் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் மற்றவள் பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். "சொந்தக்காரங்களைக் கூப்பிடும்மா" என்றார்கள். இவர்கள் வாசலை மிதிக்காத, நோயாளியின் அண்ணன் ஒருவன் சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டான். அதுவரை அறுவைசிகிச்சை காத்திருந்தது. ராத்திரி முழுக்கக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தவள் இவள். கடமையை மட்டும் வாங்கிக்கொண்டு உரிமையைத் தர மாட்டேன் என்பது அநியாயம். இதை எந்த மதத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது என்பதே என் நம்பிக்கை.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், கல்யாணம் அடிப்படை உரிமை இல்லை, அது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்றார்கள். சேர்ந்து வாழ்வதற்காவது சட்டத் தகுதி தரலாம் என்ற சந்திரசூட், கவுல் இருவரையும் மற்ற மூவர் ஏற்கவில்லை. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. நடுவில், 2024 ஆகஸ்டில், ஒன்றிய அரசிடமிருந்து சில கடிதங்கள் வந்தன. தன்பாலினத் துணைகளை ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம். வங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கலாம். நெருங்கிய சொந்தம் இல்லாதபோது துணையின் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரியைப் படித்து எனக்கு ஆத்திரம் வந்தது. சொந்தக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தால் கூட வாழ்ந்தவளுக்குப் பிணமும் கிடையாது.

அந்தத் தீர்ப்புக்கு அடுத்த மாதம், 2023 நவம்பரில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட துணைகள் தங்களுக்குள் குடும்ப உறவுப் பத்திரம் எழுதிப் பதிந்துகொள்ள வழி செய்யலாம் என்று தமிழ்நாட்டு அரசுக்கு யோசனை சொன்னார். 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று எழுதினார்கள்.

பத்திரத்துக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க மீன் விற்கும் அந்தப் பெண்களுக்கு நேரமில்லை. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருக்கிறது. நோயாளி தெளிவாக இருக்கும்போதே, தன் சிகிச்சையையும் கடைசிக் காரியத்தையும் யார் பார்க்க வேண்டும் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கினேன். எல்லா இடத்திலும் இது செல்லாது என்றும் அவர்களிடம் சொல்லிவிட்டேன். சாட்சிக்கு என் அண்ணனைக் கூப்பிட்டேன். இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"இது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், கல்யாணத்துக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.