நொடியை எங்கிருந்து எடுப்பது?

வீட்டிலேயே ஒரு டிஜிட்டல் கடிகாரம் செய்ய உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்கும் கேள்வி, நொடியை எங்கிருந்து எடுப்பது என்பதுதான். மற்றதெல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் கிடைத்துவிடும். 7490 ஐ.சி. பத்துப் பத்தாக எண்ணும். அறுபதில் திரும்பவேண்டிய இடத்தில், ஆறு வந்ததும் பூஜ்யமாகும்படி வயர் இழுத்துவிட்டால் போதும். 7447 அந்த எண்ணை ஏழு கோடுகளாக்கி டிஸ்ப்ளேயில் எரியவைக்கும். மணி இலக்கத்துக்கு, இரண்டும் நான்கும் சேர்ந்து வரும் கணத்தைப் பிடித்து ரீசெட் செய்யவேண்டும். 23:59:59 முதன்முறை மொத்தமாகப் பூஜ்யத்துக்கு உருளும்போது வருகிற சந்தோஷம் கடையில் வாங்கிய கடிகாரத்தில் கிடைக்காது. ஆனாலும் அந்த போர்டின் எந்த மூலையிலும் இப்போது மணி என்ன என்று தெரிந்த பாகம் ஒன்றுகூடக் கிடையாது. வருவதை எண்ணுகிறது, அவ்வளவே. எண்ணுவதற்கு எதை நம்பிக் கொடுக்கிறோம் என்பது நம் பாடு.

பழைய சர்க்யூட்கள் பல வீட்டு மின்சாரத்தையே நம்பின. நம் நாட்டில் அது நொடிக்கு 50 சுற்று. ஐம்பதால் வகுத்தால் ஒரு நொடி கையில். செலவில்லாத வழிதான். ஆனால் உற்பத்திக்கு மேல் ஊர் இழுத்தால் ஜெனரேட்டர்களின் வேகம் குறையும், ஐம்பது குறையும். 49.5 ஆனாலே கடிகாரம் ஒரு மணி நேரத்தில் 36 நொடி பின்தங்கிவிடும். 1990களில் தென்னிந்தியாவில் மாலை விளக்கேற்றும் நேரத்தில் அதற்கும் கீழே இறங்குவது வாடிக்கை. தென்னக மின் கிரிட் 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் மற்ற கிரிட்டோடு இணைந்தது, இப்போது 49.90க்கும் 50.05க்கும் இடையில் வைத்திருக்கவேண்டும் என்பது விதி.

ஐரோப்பாவில் 2018இல் நடந்தது இதைவிட வேடிக்கை. கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் தகராறு. அந்தப் பகுதியில் எடுத்த மின்சாரத்துக்கு ஈடாக உற்பத்தி இல்லை. கிரிட்டின் சராசரி 49.996 ஆனது. எவ்வளவு சின்னக் குறை! ஆனால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம்வரை சேர்ந்ததில், ஸ்பெயினிலிருந்து துருக்கிவரை 25 நாடுகளில் மின்சாரத்தை எண்ணும் அடுப்புக் கடிகாரங்களும் அலாரங்களும் ஏறக்குறைய ஆறு நிமிடம் தாமதம். பிறகு வேண்டுமென்றே 50க்குச் சற்று மேலே ஓட்டி, இழந்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரோ இரண்டு பேர் சண்டைக்கு யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை பின்தங்கியது. கூட்டாக வாழ்வதன் கணக்கு இப்படித்தான் போலும்.

இப்படி ஊர் மின்சாரத்தை நம்பப் பிடிக்காதவர்களுக்குக் குவார்ட்ஸ் கிரிஸ்டல். நொடிக்கு 32,768 முறை அதிரும் துண்டு. பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வந்து நிற்கும் என்பதற்காகவே அந்த எண். CD4060 பதினான்கு முறை பாதியாக்கித் தரும். மிச்சம் ஒன்றுக்கு ஒரு ஃபிளிப்-ஃபிளாப். மின்வெட்டோ எல்லைத் தகராறோ இதைத் தொடாது. தொடுவது வெயில். 25 டிகிரியில் உச்ச வேகம். சூடு ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகும். கத்திரி வெயிலில் 40 டிகிரி அறையில் வைத்தால் நாளுக்கு அரை நொடிக்கு மேல் போய்விடும். ட்ரிம்மர் என்ற சின்ன கெபாசிட்டரைத் திருகித் திருத்தலாம், ஆனால் உலோக ஸ்குரூடிரைவர் கிட்டே வந்தாலே அதிர்வு மாறும், பிளாஸ்டிக்தான் வேண்டும். அலைவடிவத்தைப் பார்க்க நேரே கிரிஸ்டல் காலில் புரோபை வைத்தாலும் அப்படியே. திருகிவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்து ஒப்பிட்டால்தான் செய்தது சரியா என்று தெரியும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது.

DS3231 என்ற சில்லு தன் சூட்டைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு நிமிடம் தவறினால் அதிகம். நல்ல சாமான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பொருத்தியபின் எனக்கும் கடிகாரத்துக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனது. செல்போன் மணியைப் போல, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். ட்ரிம்மர் வைத்த கடிகாரத்தை அப்படி விட முடியாது: கோடையில் மெதுவாகும், மார்கழியில் கொஞ்சம் தேறும் என்று அதன் குணம் தெரியும். தவறே செய்யாத சில்லைவிட, தவறு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்த இந்தக் கிரிஸ்டலோடுதான் எனக்கு ஒட்டுகிறது. ஆட்களிலும் எனக்கு அப்படித்தான்.

கடைசியில் அந்தக் கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டினேன். அம்மா ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் முன்னால வச்சுடுப்பா, அப்பத்தான் பஸ்ஸுக்குக் கெளம்ப முடியும்." வைத்துவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எல்லோரும் மனசுக்குள் ஐந்தைக் கழித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.