அறுந்த இழைக்கு நிற்கும் தறி

நாள் முழுக்கத் தறி ஓடியது என்பதற்காக நல்ல துணி கிடைத்துவிடாது. பாவில், அதாவது நீளவாக்கு நூல்களில், ஓர் இழை அறுந்தால் சாதாரண விசைத்தறிக்கு அது தெரியாது. சத்தம் மாறாது, வேகம் குறையாது, குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா போய் வந்துகொண்டே இருக்கும். அந்த இழை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் துணியின் நீளத்துக்கும் மெல்லிய கோடு விழும். ஆள் கவனிப்பதற்குள் கஜக்கணக்கில் துணி பழுதாகியிருக்கும். அத்தனை நேரமும் எல்லோரும் மும்முரமாக வேலையில்தான் இருந்திருப்பார்கள்.

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் ஜப்பானின் சகிச்சி டொயோடா. தச்சரின் மகன், வீட்டிலும் ஊரிலும் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். 1924இல் அவர் உருவாக்கிய தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும். ஆனால் நாடாவில் நூல் தீர்ந்தால் நிற்காது. ஓடுகிற ஓட்டத்திலேயே புது நாடாவை எடுத்துக்கொள்ளும். எதற்கு நிற்க வேண்டும், எதற்கு நிற்கக் கூடாது என்று ஓர் இயந்திரத்துக்கே அவர் பிரித்துக் காட்டினார். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன். தறிக்குத் தறி ஆள் காவல் நிற்க வேண்டியதில்லை. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொண்டார். உலகுக்கே தறி விற்ற இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம், 1929இல் இந்தத் தறியின் காப்புரிமையை விலை கொடுத்து வாங்கியது.

அவர் மகன் கீச்சிரோ தொடங்கிய டொயோட்டா கார் தொழிற்சாலையிலும் பின்னாளில் இதே முறை வந்தது. கோளாறைக் கண்ட தொழிலாளி, தலைக்கு மேல் போகும் கயிற்றை இழுப்பார். குழுத் தலைவர் உடனே வருவார். கோளாறு அங்கேயே தீராவிட்டால் உற்பத்தி வரிசை நிற்கும். இழுத்தவரைக் கடிந்துகொள்ளாத இடத்தில்தான் அந்தக் கயிற்றுக்குப் பொருள் உண்டு.

நம்மிடம் அறுந்த இழைகள் எத்தனை! பின்னக் கணக்கு புரியாத பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய், ‘போர்ஷன் முடிந்தது’ என்கிறோம். அந்தக் கோடு அடுத்த வகுப்பில் இயற்கணிதத்தில் வந்து தெரிகிறது. அலுவலகத்தில் ஒரே குறைக்காக மனுக்கள் திரும்பி வருகின்றன; திருத்தி அனுப்புகிறோம், மறுபடி வருகின்றன. ‘மூச்சுவிட நேரமில்லை’ என்று பெருமையாகவே சொல்கிறோம். அந்த நேரத்தில் எவ்வளவு நேற்றைய பிழையைச் சரிசெய்யப் போயிற்று என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்று உங்களிடம் திரும்பத் திரும்ப வருகிற வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சரிசெய்து அனுப்பியதும் அடுத்ததற்குத் தாவிவிடாதீர்கள். அது எந்த இடத்தில், யார் கையில், எதனால் கெட்டது என்று போய்ப் பாருங்கள். உங்களிடம் வேலை செய்பவர் ‘இதில் ஏதோ சரியில்லை’ என்று வந்து நின்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.