மறைத்ததும் இல்லாததும்

குற்றம் சாட்டுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது நீதியின் பழைய நெறி. ஆனால், "சொத்தை ஒளித்து வைத்திருக்கிறாய்" என்னும் குற்றச்சாட்டில் இந்நெறி தலைகீழாகின்றது. இருப்பதைக் காட்டலாம், இல்லாததை எங்ஙனம் காட்டுவது?

இங்கிலாந்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றத்தால் ஈட்டிய தொகை முழுவதும் தம்மிடம் இல்லையென மெய்ப்பிக்கும் பொறுப்பு தண்டனை பெற்றவரைச் சார்ந்தது. செலுத்தத் தவறினால் கூடுதல் சிறை. நம் நாட்டிலும் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர்மீதே சுமையை ஏற்றுகிறது. எனினும், அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பே முதலில் நிறுவ வேண்டுமென 2022இல் உச்சநீதிமன்றம் கூறியது. சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமியின் வழக்கிலும், 1991இல், குற்றம் சாட்டப்பட்டவரின் சுமை அரசுத் தரப்பின் சுமையைப்போல் கடுமையானதன்று என அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இத்தகைய சட்டம் அநீதியா? முழுவதும் அன்று. பொதுப்பணியில் இருப்பவர் தம் வருமானத்தை மிஞ்சிய செல்வம் வந்த வழியைத் தாமே அறிவார்; அவரிடம் கணக்குக் கேட்பது முறையே. கையில் உள்ளதற்குக் கணக்குக் கேட்பது ஒன்று. கண்டுபிடிக்கப்படாத ஒன்று இருப்பதாகக் கொண்டு தண்டிப்பது வேறொன்று. முன்னது நீதி, பின்னது ஊகம்.

இவ்வழக்குகளில் கூட்டல் கழித்தலும் அறத்தின் பகுதியே. ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில், 2015இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அளித்த விடுதலைத் தீர்ப்பில், கடன்தொகைகளின் கூட்டல் ஏறத்தாழ 13.5 கோடி ரூபாய் மிகுந்திருந்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. பிழையான கணக்கு குற்றவாளியைக் காக்கவும் கூடும். குற்றமற்றவரை வீழ்த்தவும் கூடும்.

இது பெரியோர் சிக்கல் மட்டுமன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சூழ்ந்த ஊர்களில் நிலமே பெருஞ்செல்வம். "கையெழுத்து மட்டும் போடு" என்று உறவினர் கேட்க, தம் பெயரை இரவல் தருவோர் எங்கும் உளர். நாளை அதிகாரி வினவும்போது, அந்நிலம் தமதென்றால் பொய். அன்று என்றால் உறவு முறியும். மறுபுறம், சீட்டுப்பணம், மொய், கைமாற்றுக் கடன் ஆகியவற்றால் நேர்மையாக வீடு கட்டியவரிடமோ ஒரு துண்டுச் சீட்டும் இராது. சான்றின்மை வேறு, குற்றம் வேறு.

அனனியாவும் சப்பிராவும் விலையில் ஒரு பகுதியை ஒளித்தனர். ஆயினும், "இவ்வளவுக்குத்தான் விற்றீர்களா?" என்று சப்பிராவைப் பேதுரு கேட்டார் (திருத்தூதர் பணிகள் 5). தீர்ப்புக்கு முன் ஒரு கேள்வி; பதில் சொல்ல ஓர் இடம். எதிர்வாதம் செய்வது உண்மையை மறைப்பதாகாது. அது உண்மைக்குரிய இடம்.

ஆகவே நம் கடமை இரண்டு: பிறர் சொத்துக்கு நம் பெயரை இரவல் தராதிருப்போம், அயலாரின் புதுவீட்டைக் கண்டதும் தீர்ப்பெழுதாதிருப்போம்.